பம்மல் மலையடியில் ஒரு பழைய லென்ஸுடன்

பம்மல் என்ற பெயரைக் கேட்டதும் தமிழ் நாடக ரஸிகர்களுக்கு ஊர் நினைவுக்கு வருவதில்லை. ஒரு மனிதர்தான் நினைவுக்கு வருகிறார். 1891-ஆம் ஆண்டில் சுகுண விலாஸ சபையைத் தோற்றுவித்து, கற்றவர்களும் உத்தியோகஸ்தர்களும் அரிதாரம் பூசுவது இழிவல்ல என்று நாட்டுக்குக் காட்டி, தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்களை எழுதிக் குவித்தவர் பம்மல் சம்பந்த முதலியார். மனிதர் பெரும் புகழ் பெற்றுவிட்டால் அவர் பெயருக்கு முன்னால் நிற்கும் ஊர், கல்யாண வீட்டில் மாப்பிள்ளைத் தோழனைப் போல் ஆகிவிடுகிறது. அந்த ஊரை ஒரு தரம் நேரில் போய்ப் பார்த்து வருவோம் என்று ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நாம் பல்லாவரம் ஸ்டேஷனில் இறங்கினோம்.

பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர் போகும் சாலையில் மேற்கே சிறிது தூரம் சென்றால் பம்மல். அதற்கு அடுத்தது அனகாபுத்தூர். தென்மேற்கே திருநீர்மலை. ஒரு காலத்தில் தனி நகராட்சியாக இருந்த பம்மல், 2021-ஆம் ஆண்டு முதல் தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதி. சாலையின் இரு மருங்கிலும் கடைகள், வீடுகள், பள்ளிக்கூடங்கள். தலைக்கு மேலே, மீனம்பாக்கத்தில் இறங்கப் போகும் ஆகாய விமானங்கள். கண்ணை உயர்த்தினால் கரிய பாறைக் குன்றுகள். பட்டணமும் கிராமமும் மலையும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும் இடம் இது. இப்படிப்பட்ட இடத்தைப் படம் பிடிப்பது எளிதல்ல. பின்னால் நகர இடம் இருக்காது, நகர்ந்தால் சாலை, சாலையில் பஸ்.

அதற்காகவே நமது பையில் ஒரு பழைய லென்ஸு இருந்தது. நண்பர் ஒருவர் வீட்டுப் பெட்டியில் பல காலம் உறங்கிய பொருள். ஜப்பானில் செய்த 35 மில்லிமீட்டர் நிக்கோர் லென்ஸு. துவார எண் 1.4. உடல் முழுதும் உலோகம். கையில் எடுத்தால் வெற்றிலைப் பெட்டிக்குள் இருக்கும் பாக்குவெட்டியைப் போல் கனம் தெரிகிறது. தானாகக் குவியம் பார்த்துக்கொள்ளும் யந்திர வித்தை எதுவும் அதில் இல்லை. வளையத்தைக் கையால் திருப்பி, கண்ணால் பார்த்து, 'இதுதான் தெளிவு' என்று நாமே தீர்மானிக்க வேண்டும்.

இதில் என்ன அதிசயம் என்று நேயர்கள் கேட்கலாம். இந்த லென்ஸுக்கு இரண்டு குணங்கள் உண்டு. முதலாவது, அகலமான பார்வை. சாதாரணமாகப் பழைய காமிராக்களுடன் வரும் 50 மில்லிமீட்டர் லென்ஸு சுமார் 46 பாகைக் கோணத்தில் அடங்கியதைத்தான் காணும். இதுவோ சுமார் 62 பாகை காணும். சிறிய அறையின் மூலையில் நின்றுகொண்டே அறையின் பெரும் பகுதியைப் பிடித்துவிடலாம். இரண்டாவது குணம், வெளிச்சத்தைத் தாராளமாக வாங்குவது. துவார எண் 1.4 என்றால், 35-ஐ அதனால் வகுத்துக் கிடைக்கும் 25 மில்லிமீட்டர் அகலத்துக்கு இதன் துவாரம் திறக்கும். துவார எண் 2.8 உள்ள லென்ஸின் துவாரம் இதில் பாதி அகலமே. அகலம் பாதியானால் பரப்பு கால் பங்காகும். ஆகவே நமது லென்ஸுக்குள் நான்கு மடங்கு வெளிச்சம் நுழைகிறது. அது கேட்கும் நேரத்தில் கால் பங்கு நேரத்திலேயே படம் முடிந்துவிடும். 'வேகமான லென்ஸு' என்று இதனை அழைப்பதற்குக் காரணம் அதுதான்.

அகலமும் வேகமும் ஒரே லென்ஸில் சேர்வது ஒரு காலத்தில் நடவாத காரியமாக இருந்தது. கண்ணாடி மூலம் பார்க்கும் காமிராவில், லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே ஒரு சாய்ந்த கண்ணாடி மேலும் கீழும் ஆட வேண்டும். 1959-ல் வெளிவந்த நிக்கான் காமிராவில், லென்ஸு பொருந்தும் வாய்க்கும் பிலிமுக்கும் உள்ள தூரம் 46.5 மில்லிமீட்டர். லென்ஸின் குவிய தூரமோ 35 மில்லிமீட்டர்தான். லென்ஸு உள்ளே போனால் கண்ணாடியை இடிக்கும். வெளியே நின்றால் பிம்பம் பிலிமை எட்டாது. இந்தச் சிக்கலை அவிழ்த்தவர்களில் முதன்மையானவர் பிரான்ஸு தேசத்து பியேர் ஆஞ்செனியூ. தூரதர்சினியைத் திருப்பிப் பிடித்தால் உலகம் சிறுத்து அகன்று தெரியும் அல்லவா? அதே யுக்தியைக் கையாண்டு, முன்னால் ஒளியை விரிக்கும் குழிக் கண்ணாடியை வைத்து, 1950-ஆம் ஆண்டில் அவர் ஒரு 35 மில்லிமீட்டர் லென்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஆனால் அதன் துவார எண் 2.5. அதனை 1.4 வரை கொண்டுவர ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பிடித்தன. ஒன்பது கண்ணாடிகளை ஏழு தொகுதிகளாக அடுக்கி, 1970-களின் தொடக்கத்தில் ஜப்பானியர் அதைச் சாதித்தார்கள். அருகிலுள்ள பொருளைப் பார்க்கும்போது தெளிவு குறையாமலிருக்க, கண்ணாடிகளுக்கு இடையே உள்ள தூரமே மாறும்படியும் அதில் ஏற்பாடு செய்தார்கள்.

இங்கே ஒரு தேச சரித்திரமும் இருக்கிறது. இந்த லென்ஸைச் செய்த நிப்பான் கோகாகு கம்பெனி 1917-ல் டோக்கியோவில் தோன்றியது. யுத்த காலத்தில் படைகளுக்குத் தூரதர்சினிகளும் தொலைவு அளக்கும் கருவிகளும் செய்தது. 1945-ல் தேசம் தோற்று, நகரங்கள் சாம்பலான பிறகு, அதே கைகள் காமிரா செய்யத் தொடங்கின. 1950-ல் அமெரிக்கப் பத்திரிகைப் படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கன், கொரியா யுத்தத்தைப் படம் பிடிக்க இந்த ஜப்பானிய லென்ஸுகளை எடுத்துச் சென்றார். படங்களின் தெளிவைப் பார்த்த பிறகுதான், ஜெர்மானியருக்கு நிகராக ஜப்பானியரும் லென்ஸு செய்ய வல்லவர்கள் என்று உலகம் ஒப்புக்கொண்டது. தோல்வியின் சாம்பலிலிருந்து ஒரு தேசம் கண்ணாடி உருக்கி எழுந்த கதை இது.

நமது முதல் தங்கல் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. ஊசி முதல் உலக்கை வரை என்பார்களே, அதை நேரில் காண விரும்புவோர் இங்கே வரலாம். செடிகள், கோழிகள், கட்டில்கள், கழற்றிய மின்விசிறிகள், நின்றுபோன சுவர்க் கடியாரங்கள் எல்லாம் கிழக்கு வெளுக்கும்போதே தரையில் பரந்துவிடுகின்றன. பழைய சாமான் விரித்திருந்த ஒருவரிடம் இரண்டு காமிராக்கள் இருந்தன. ஒன்றின் லென்ஸைக் கைவிளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தோம். கண்ணாடிக்குள் சிலந்தி வலை போல் வெள்ளை இழைகள் படர்ந்திருந்தன.

"பூஞ்சணம் பிடிச்சிருக்கே?" என்றோம்.

"அது ஒண்ணும் இல்ல சார், தொடச்சா போயிடும்" என்றார் அவர், சிறிதும் தயங்காமல்.

சந்தையில் எல்லாக் குறைகளும் துடைத்தால் போய்விடும்! லென்ஸுப் பூஞ்சணம் மட்டும் அப்படிப் போவதில்லை. அது உமிழும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடுகிறது. இழையைத் துடைத்தாலும் வடு நின்றுவிடும். கடற்காற்றும் ஈரமும் நிறைந்த சென்னையில் காமிராவுக்கு இதைவிடப் பெரிய சத்துரு கிடையாது. தோல் உறையில் போட்டு இருட்டு அலமாரியில் பூட்டி வைப்பது, பூஞ்சணத்துக்கு விருந்து வைப்பது போலத்தான். காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளுடன் வைத்து, மாதத்துக்கு ஒரு முறையேனும் வெளியில் எடுத்து உபயோகிப்பதே நல்லது. அக்காலத்து ஜப்பானிய லென்ஸுகள் சிலவற்றில் தோரியம் கலந்த கண்ணாடியும் உண்டு. ஒளியை நன்றாக வளைப்பதற்காக அதைச் சேர்த்தார்கள். அது நாளடைவில் தேநீர் நிறமாகப் பழுத்துவிடும். சில நாட்கள் வெயிலில் வைத்தால் பெரும்பாலும் நிறம் தெளிந்துவிடுகிறது. தோரியம் நமக்கு அந்நியப் பொருளல்ல. கன்னியாகுமரி ஜில்லாவில் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் அது மோனஸைட்டாகக் கலந்து கிடக்கிறது.

சந்தையிலிருந்து குன்றுகளின் பக்கம் திரும்பினோம். இந்தப் பிரதேசத்துப் பாறைகள் சாமானியமானவை அல்ல. கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்தப் பக்கத்துப் பாறையினத்தைச் சேர்ந்தது. அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்டு 1893-ல் இந்தப் பாறை வகைக்கே 'சார்னோக்கைட்' என்று பெயர் வைத்தார். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன், 1863 மே 30-ஆம் தேதி, பல்லாவரத்தில் ஒரு சரளைப் பள்ளத்தில் இராபர்ட் புரூஸ் பூட் என்ற மண்ணியல் அறிஞர் குனிந்து ஒரு கல்லை எடுத்தார். அது ஆதி மனிதன் செதுக்கிய கல்லாயுதம். இந்தியாவின் பழைய கற்காலம் அந்த நிமிஷத்தில்தான் உலகுக்குத் தெரிய வந்தது. பல்லாவரம் குன்றில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக்கோயில் ஒன்றும் உண்டு. இன்று அது முஸ்லிம் அன்பர்கள் தொழும் தர்க்காவாக விளங்குகிறது.

ஆதி மனிதன் கையளவு செதுக்கினான். பல்லவன் குகையளவு குடைந்தான். நாம் மலையளவே வெட்டிவிட்டோம். பட்டணத்துச் சாலைகளுக்கும் வீடுகளுக்கும் இந்தச் சுற்றுவட்டாரத்துக் குன்றுகள் ஜல்லியாகப் போய்விட்டன. கைவிட்ட கல் குவாரிகளில் இன்று ஆழமான பச்சைத் தண்ணீர் நிற்கிறது. அப்படிப்பட்ட ஒரு பள்ளத்தின் வேலிக்கு வெளியே நின்று காமிராவைத் தூக்கினோம். அகலப் பார்வை லென்ஸுக்கு ஒரு குறும்பு உண்டு: அருகில் இருப்பதைப் பெரிதாகவும் தொலைவில் இருப்பதை மிகச் சிறியதாகவும் காட்டும். மலையை மட்டும் பிடித்தால் அது எறும்புப் புற்றுப் போல் ஆகிவிடும். வேலிக் கம்பத்தை அருகில் வைத்து, அதற்கு அப்பால் வெட்டுப்பட்ட பாறைச் சுவரையும், அதன் விளிம்பு வரை நெருங்கி நிற்கும் மாடி வீடுகளையும் ஒரே சட்டத்தில் அடக்கிய பிறகுதான், எவ்வளவு மலை போயிற்று என்பது படத்தில் தெரிந்தது.

பம்மலைக் கடந்து அனகாபுத்தூருக்குப் போனோம். நெசவாளர் ஊர் இது. கட்டம் போட்ட 'மதராஸ் கைக்குட்டை'த் துணி இங்கிருந்து கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போயிற்று. நைஜீரியாவின் கலபாரி மக்கள் இதனை 'இன்ஜிரி' என்று அழைத்து, பிறப்பு முதல் இறப்பு வரை எல்லாச் சடங்குகளிலும் போற்றி உடுத்துகிறார்கள். 1970-களில் நைஜீரிய அரசாங்கம் துணி இறக்குமதிக்குத் தடை விதித்தபோது, அதன் அடி இங்கே தறியில் விழுந்தது. கடல் கடந்த ஒரு சட்டம் ஒரு தெருவின் தறிச் சத்தத்தையே அடக்கிவிட்டது. வாழை நார் முதலிய இயற்கை நார்களைக் கலந்து நெய்து, புதிய வழி கண்டு, எஞ்சியவர்கள் தொழிலைக் காத்து வருகிறார்கள்.

ஒரு வீட்டில் அனுமதி கேட்டு உள்ளே சென்றோம். குழித்தறி. பள்ளத்தில் காலைத் தொங்கவிட்டு, வயது முதிர்ந்த நெசவாளர் மிதிகட்டையை மிதித்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவியார் சுவரோரம் அமர்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தார். தறி போக மீதியுள்ள இடம் ஒரு பாய் விரிக்கவும் போதாது. கூரை ஓடுகளுக்கு நடுவே பதித்த ஒரே ஒரு கண்ணாடி ஓட்டின் வழியாக வெளிச்சம் வந்து பாவின்மேல் விழுந்தது. மின்னல் விளக்கைப் போட்டிருந்தால் அறை முழுவதும் சுண்ணாம்பு அடித்தது போல் வெளுத்து, அந்த வெளிச்சம் செத்திருக்கும். முதுகைச் சுவரில் ஒட்டி நின்று, துவாரத்தை 1.4-க்குத் திறந்தோம். தறி, நெசவாளர், அம்மையார், இராட்டினம், ஓட்டு வெளிச்சம் எல்லாம் அடங்கின. அந்த இருட்டில், கையில் பிடித்தபடியே, வினாடியில் முப்பதில் ஒரு பங்கு நேரத்தில் படம் எடுக்க முடிந்தது.

ஆனால் தாராளமாகத் திறக்கும் லென்ஸு ஒரு விலையும் கேட்கும். ஒன்றரை மீட்டர் தூரத்தில், முன்னும் பின்னும் சேர்த்து ஒரு சாண் ஆழம்கூடத் தெளிவாக இராது. நெசவாளரின் முகம் தெளிந்தால் நாடா மங்கும். நாடா தெளிந்தால் முகம் மங்கும். எதைக் காப்பது, எதை விடுவது? வளையத்தில் விரலை வைத்துக்கொண்டு சிறிது நேரம் யோசித்தோம். பிறகு அவருடைய கைகளில் குவியத்தை நிறுத்தினோம். முகத்தை அவருடைய பேரப் பிள்ளைகள் எத்தனையோ படங்களில் வைத்திருப்பார்கள். கை செய்யும் காரியத்தை யாரும் எடுத்து வைத்திருக்கமாட்டார்கள் என்று தோன்றியது. பிள்ளைகள் யாரேனும் இந்தத் தொழிலுக்கு வந்தார்களா என்று விசாரித்தோம். "வரலீங்க. அதுங்க நல்லா இருந்தா போதும்" என்றார். குரலில் வருத்தம் இல்லை. அதுதான் நமக்கு வருத்தமாக இருந்தது.

படம் எடுத்து முடிந்ததும் அவர் நமது லென்ஸைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "எனக்கும் கண்ணுல லென்ஸு வெச்சிருக்காங்க" என்று சிரித்தார். புரை வளர்ந்து, அறுந்த இழையைக் கண்டுபிடித்து முடிச்சுப் போட முடியாமல் இரண்டு வருஷம் தறியைவிட்டு ஒதுங்கியிருந்தாராம். அறுவை செய்த பிறகு மறுபடியும் தறியில் இறங்கிவிட்டார். ஆனால் இழை முடிய மட்டும் மூக்குக் கண்ணாடி வேண்டும். காரணம் எளிது. பிறவியில் அமைந்த கண்ணின் லென்ஸு இளமையில் தானே வளைந்து கிட்டப் பார்வைக்கும் எட்டப் பார்வைக்கும் குவியத்தை மாற்றிக்கொள்ளும். பொருத்தும் சாதாரண லென்ஸோ ஒரே தூரத்துக்குக் குவிந்து நிற்பது. மீதியை மூக்குக் கண்ணாடியால் சரிசெய்துகொள்ள வேண்டும்.

பம்மலில் சங்கரா கண் ஆஸ்பத்திரி இருப்பதால் இந்தப் பக்கத்து ஜனங்களுக்குக் கண் அறுவை என்பது அறியாத விஷயமல்ல. ஆனால் கண்ணுக்குள் லென்ஸு வைப்பது எப்படித் தோன்றியது என்பது பலருக்குத் தெரியாது. யுத்தத்தில் பிரிட்டிஷ் விமானிகள் சிலரின் கண்களில், விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சில்லுகள் தெறித்துத் தங்கிவிட்டன. அவற்றைக் கண் வெறுத்து ஒதுக்காததை டாக்டர் ஹெரால்டு ரிட்லி கவனித்தார். அதே வகைப் பொருளால் ஒரு சிறு லென்ஸு செய்வித்து, 1949 நவம்பரில் இலண்டனில் ஒரு நோயாளியின் கண்ணில் முதன்முதலாகப் பொருத்தினார். நெடுங்காலம் அந்த லென்ஸு பணக்கார தேசங்களுக்கே உரியதாக இருந்தது. இறக்குமதியாகி இங்கே வந்தபோது விலை நூறு டாலரை ஒட்டியிருந்தது. 1976-ல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இதற்கு ஒரு வழி தேடியது. 1992-ல் ஆரோலேப் என்ற தொழிற்சாலையை மதுரையிலேயே அமைத்து, லென்ஸை இங்கேயே செய்து, விலையைச் சுமார் பத்து டாலருக்கு இறக்கியது. பின்னர் அது இன்னும் இறங்கிற்று. இன்று நூற்றுக்கு மேற்பட்ட தேசங்களுக்கு மதுரை லென்ஸு போகிறது.

மாலையில் திருநீர்மலைப் படிகளில் ஏறினோம். நூற்றெட்டுத் திவ்விய தேசங்களில் ஒன்று இது. நின்றும், இருந்தும், கிடந்தும், நடந்தும் என நான்கு திருக்கோலங்களில் பெருமாள் இங்கே சேவை ஸாதிக்கிறார். திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றிலும் வெள்ளம் சூழ்ந்திருந்ததால், நீர் வடியும் வரை ஆறு மாதம் காத்திருந்தார் என்பது ஐதீகம். தரிசனம் முடித்து, படியோரம் நின்று கிழக்கே நோக்கினோம். பம்மல், பல்லாவரம், குன்றுகள், விமான நிலையத்தின் விளக்குகள் யாவும் கண்முன் பரந்திருந்தன. ஆழ்வாரைத் தடுத்த நீர் இருந்த இடங்களில் இப்போது வீட்டு விளக்குகள் எரிந்தன. வெளிச்சம் மங்கும் அந்த நேரத்திலும் பழைய லென்ஸு தன் வாயை அகலத் திறந்து அத்தனையையும் வாங்கிக்கொண்டது.

காமிரா லென்ஸுக்கு இந்தியா அன்னியரையே நம்பியிருக்கிறதே என்ற குறை நமக்கு உண்டு. முயற்சி இல்லாமல் போகவில்லை. ஆத்மாராம் என்ற விஞ்ஞானியின் தலைமையில் கல்கத்தாவில் கண்ணாடி ஆராய்ச்சிக் கழகம் ஒளியியல் கண்ணாடியை நம் நாட்டிலேயே உருக்கிக் காட்டியது. உதகமண்டலத்தில் 1960-ல் நிறுவிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967 முதல் 'இந்து' என்ற பெயரில் பிலிம் தயாரித்தது; காலமாற்றத்தைத் தாங்காமல் பின்னர் நின்றுபோயிற்று. ஆனால் குருடரைக் காண வைக்கும் லென்ஸைத் தமிழ்நாடு உலகத்துக்கே செய்து கொடுக்கிறது. காட்சியைப் பதிக்கும் லென்ஸை வெளியிலிருந்து வாங்கி, காட்சியையே அளிக்கும் லென்ஸை வெளியே அனுப்புகிறோம். இந்த வாணிபத்தில் நாம் தலைகுனிய ஒன்றுமில்லை.

நேயர்களின் வீட்டிலும் தாத்தாவோ மாமாவோ வாங்கி வைத்த காமிரா ஒன்று அலமாரியில் இருக்கலாம். அதை வெளியே எடுங்கள். பூஞ்சணம் இருக்கிறதா என்று விளக்கொளியில் பாருங்கள். மாற்று வளையம் ஒன்று வாங்கினால் பெரும்பாலான பழைய லென்ஸுகள் இன்றைய டிஜிட்டல் காமிராவிலும் பொருந்தும். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு தாஜ்மஹாலுக்கு ஓட வேண்டாம். தாஜ்மஹாலை எத்தனையோ பேர் பிடித்துவிட்டார்கள். உங்கள் தெருக் கோடியில் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரையும், கூடை முடைகிற அம்மாளையும், தறியில் இருக்கும் பெரியவரையும் அனுமதி கேட்டு, அவர்கள் வேலை செய்யும் இடத்திலேயே, அங்கே விழும் வெளிச்சத்திலேயே பிடியுங்கள். படத்தில் ஒரு பிரதியை மறவாமல் அவர்களுக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். மலை வளரப் போவதில்லை. போன தறிகள் அத்தனையும் திரும்பப் போவதில்லை. எஞ்சியிருப்பவற்றையாவது தெளிவாகப் பார்த்து வைப்பது இன்று நம் கையில் இருக்கிறது.